பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு: ஒரு மதிப்பீடு

கணினிக்கு ஆணையிடுதற்கென ஆக்கப்பட்ட செயற்கை மொழிகளும் இயற்கை மொழிகள் போலவே காலந்தோறும் திரிபடைகின்றன. ஆயினும் வேற்றுமை ஒன்றுண்டு. பழஞ்செய்யுளைக் கற்போன் ஒரு சொல்லின் பொருளை அறியானாயின் உரையாசிரியரை நாடுவான். கணினியோ உரை நாடாது. பழைய நிரலைப் புதிய இலக்கணத்தின்படியே கொண்டு, ஒன்றில் இயங்காது நின்றுவிடும், அன்றேல் வேறு பொருளில் இயங்கிச் செல்லும். இவ்விரண்டனுள் பின்னதே கொடிது.

நெதர்லாந்தினரான கைடோ வான் றொசம் ஆக்கிய பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசெம்பரில் வெளிவந்தது. பழைய நிரல்கள் பல அதில் இயங்கா என்பதை அறிந்தே அதனை வெளியிட்டனர். தொடக்ககாலப் பிழைகளை ஒருமுறையிலேயே களைந்துவிடுதல் அவர்தம் நோக்கம்.

மாற்றங்களுள் பெரிதும் பழிக்கப்பட்டது 'பிரிண்ட்' என்னும் ஆணை பற்றியது. வெளியிடவேண்டியதை அடைப்புக்குறியுள் இடுதல் கட்டாயமாயிற்று. அப்பழி பொருந்தாது. பழைய வடிவைக் கண்டதும் கணினி பிழையென அறிவித்து நிற்கும். நிரலர் உடனே திருத்துவர். அஞ்சத்தக்கது வகுத்தலில் நேர்ந்த மாற்றமே. 7 என்னும் முழுவெண்ணை 2 ஆல் வகுப்பின் இரண்டாம் பதிப்பு 3 என்னும். மூன்றாம் பதிப்பு 3.5 என்னும். புதியதே கணக்கிற்கு ஒத்தது. எனினும் பழைய விடையை நம்பி எழுதிய நிரல், எவ்வித எச்சரிக்கையுமின்றிப் பிறிதொரு விடையைத் தந்துகொண்டிருக்கும்.

எழுத்தைக் கையாளும் முறையில் வந்த மாற்றம் இவற்றினும் ஆழமானது. இரண்டாம் பதிப்பில் சாதாரண எழுத்துக்கோவை என்பது உண்மையிற் பைற்றுக்களின் கோவையே. 'தமிழ்' என்னும் சொல்லை யூரிஎவ்-8 முறையில் இட்டு அதன் நீளத்தை வினவின் 15 என விடை வரும். மூன்றாம் பதிப்பில் 5 என வரும். மூன்றெழுத்தென எண்ணிப் பழகிய தமிழ்ச் சிறுவன் இரண்டனையும் கண்டு நகைப்பான்! இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண்ணப்படுதலே காரணம். ஆயினும் ஆங்கிலம் மட்டும் வழங்கியவிடத்து மறைந்துகிடந்து, பிறமொழி எழுத்து வந்தவுடன் நிரலை வீழ்த்திய குறை பெரும்பாலும் நீங்கியது இம்மாற்றத்தாலேயாம். பழமையோடு முரணியதற்கு இஃதொன்றே போதிய நியாயம்.

குறை கூறவேண்டுவது கடத்தற்கு வகுத்த வழியையே. பழைய நிரலை ஒருமுறை புதியதாய்ப் பெயர்த்துவிடும் கருவியொன்று தரப்பட்டது. ஆனால் நிரல் எதுவும் தனித்து வாழ்வதில்லை. பிறர் ஆக்கிய துணைத்தொகுதிகள் பலவற்றைச் சார்ந்தே இயங்கும். அவற்றுள் ஒன்று பெயராதிருப்பினும் முழுவதும் தங்கிவிடும். தொகுதியை ஆக்கினோரும் பழைய பதிப்பினரைக் கைவிட இயலாது. ஆகவே வேண்டியிருந்தது பெயர்ப்பன்று. இரு பதிப்பிலும் ஒருங்கே இயங்கும் ஒரே பாடம். அதற்கென எழுந்த தொகுதி 'சிக்ஸ்' எனப் பெயர்பெற்றது. இரண்டை மூன்றாற் பெருக்க ஆறன்றோ! ஒருங்குறிக் கோவையைச் சுட்டிய 'யூ' என்னும் முன்னெழுத்து 3.0 இல் நீக்கப்பட்டு, 2012 இல் 3.3 இல் மீட்கப்பட்டது. அதனைக் காத்திருப்பதால் மொழிக்குக் கேடில்லை. நீக்கியதால் நான்காண்டு வீணாயிற்று. இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2015 உடன் முடியவிருந்தது. 2014 இல் அவ்வெல்லை நீட்டப்பட்டு, 2020 ஜனவரி 1 இலேயே முடிந்தது.

றஸ்ற் என்னும் மொழி பின்னர் வேறு வழி கண்டது. அதில் ஒவ்வொரு தொகுதியும் தான் எவ்வாண்டின் பதிப்பிற்குரியதெனத் தானே அறிவிக்கும். 2015 இன் தொகுதியும் 2018 இன் தொகுதியும் ஒரே நிரலுள் இணைந்தியங்கும். பைதனிலும் 'பிரிண்ட்' மாற்றத்தையும் வகுத்தல் மாற்றத்தையும் கோப்புத்தோறும் ஏற்பதற்கு இரண்டாம் பதிப்பிலேயே இடமிருந்தது. எழுத்துக்கோவையோ அவ்வாறன்று. அது ஒரு தொகுதியிலிருந்து மற்றொன்றிற்குக் கைமாறிச் செல்லும் பொருள். பழைய தொகுதி பைற்றாய்த் தந்ததைப் புதியது எழுத்தாய்க் கொள்ள வேண்டியிருப்பின், றஸ்றின் வழியும் அங்கு உதவாது.