பக்கம் திருப்பும் வேலை

பழைய ராக் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்களிடம் ஏன் என்று கேட்டால் பதில் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது: கதகதப்பு. இந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. நானும் வருஷக்கணக்கில் தட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருப்பவன் என்பதால் நம்பாமலிருக்க எனக்கு உரிமை உண்டு. கதகதப்பு விமர்சனச் சொல் அல்ல. ரசனை விசாரணைக்கு வராமல் தப்பித்துக்கொள்ளப் போர்த்திக்கொள்ளும் போர்வை அது.

2022இல் அமெரிக்காவில் ஒரு விஷயம் வெளியாயிற்று. மூல ஒலிநாடாவிலிருந்து நேரடியாக வெட்டப்பட்டவை என்று சேகரிப்பாளர்கள் நம்பி, அதிக விலை கொடுத்து வாங்கிய மறுபதிப்புத் தட்டுகளில், பல வருஷங்களாகவே நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கிறது. அதுவரை அந்தத் தட்டுகளின் கதகதப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு அது காதில் படவில்லை. தெரிந்த பிறகு வழக்குப் போட்டார்கள். ஏமாற்றப்பட்டது உண்மைதான். ஆனால் ஏமாந்தது காதல்ல. காது நேற்றும் அதே ஒலியைத்தான் கேட்டது, அதே சுகத்தைத்தான் அடைந்தது. ஏமாந்தது நம்பிக்கை. காதுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் தட்டு வியாபாரம் நடக்கிறது. அதே 2022இல், 1987க்குப் பிறகு முதன்முறையாக, அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட இசைத்தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன.

அப்படியானால் தட்டு வெறும் வாகனம்தானா, இசை எதில் வந்தால் என்ன, கைப்பேசியில் கேட்டால் போதாதா என்று கேட்கலாம். இந்த மறுகோடிக்குப் போகவும் நான் தயாரில்லை. ஒலியின் குணத்தை வைத்து இங்கே வாதாடுவது வீண். உருவத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

1948இல் வந்த நீண்ட நேர இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20இலிருந்து 25 நிமிஷம் கொள்ளும். தட்டு ஒரே வேகத்தில் சுழல்கிறது. ஆகவே விளிம்பில் முள்ளுக்குக் கீழே ஒரு விநாடியில் ஓடும் பள்ளத்தின் நீளம், மையத்தை நெருங்க நெருங்கக் குறைகிறது. உள்வட்டத்தில் உச்ச ஸ்தாயி ஒலிகள் சிதையும். அதனால் ஆர்ப்பாட்டமான பாட்டை முதலிலும் அடங்கிய பாட்டைக் கடைசியிலும் வைப்பது சௌகரியம். வெண்பாவின் ஈற்றடி குறுகுவதுபோல இதுவும் ஒரு கட்டுப்பாடு. யாப்பு தெரிந்தவனுக்குத்தான் யாப்பை மீறவும் தெரியும்.

பீட்டில்ஸ் 1969இல் வெளியிட்ட ‘அபே ரோடு’ தட்டை எடுத்துக்கொள்கிறேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஐ வான்ட் யூ’. ஏழே முக்கால் நிமிஷத்துக்கு மேல் ஓடுவது. கடைசி மூன்று நிமிஷம் வார்த்தை கிடையாது. ஒரே கிதார் வரி திரும்பத் திரும்ப வருகிறது, ஸின்தஸைஸரிலிருந்து எழும் காற்றிரைச்சல் அதன்மேல் ஏறிக்கொண்டே போகிறது. சௌகரியத்துக்கு நேர் எதிராக, பக்கத்தின் மிகக் கனமான சத்தம் பள்ளத்தின் மிகக் குறுகிய இடத்துக்கு வந்து சேர்கிறது. பிறகு, தேய்ந்து மறையாமல், தீர்மானத்துக்கு வராமல், சட்டென்று நிற்கிறது. லென்னன் சொல்லி, நாடா அந்த இடத்தில் கத்தரிக்கப்பட்டது.

தட்டில் அதற்கடுத்து வருவது முள்ளின் உரசல் மட்டும். எழுந்து போய்க் கையைத் தூக்கித் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த அரை நிமிஷம் பாட்டு எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கத்தரித்த வரியைக் காது தானாக முடிக்கப் பார்க்கும், முடியாது. பிறகுதான் ஜார்ஜ் ஹாரிஸனின் ‘ஹியர் கம்ஸ் தி ஸன்’. கைப்பேசியிலோ குறுந்தகட்டிலோ சில விநாடிகளில் அது தொடங்கிவிடுகிறது. ஒலி சுத்தமாகவே இருக்கிறது, ஆனால் வெட்டு காயமாவதற்குள் மருந்து வந்துவிடுகிறது.

இது திட்டமிட்ட ஒருமை என்று சொல்ல வரவில்லை. பக்கங்களை மாற்றிப் போட்டு, அந்த வெட்டோடு தட்டையே முடிப்பதாகவும் ஒரு கட்டத்தில் யோசனை இருந்தது. இரண்டாம் பக்கத்தின் இறுதியில் வரும் ‘ஹெர் மெஜஸ்டி’ இன்னும் மோசமான தற்செயல். முதலில் ஒரு பாட்டுக்கோவையின் நடுவிலிருந்த 23 விநாடித் துண்டு அது. வேண்டாமென்று மெக்கார்ட்னி எடுத்துவிடச் சொன்னார். எதையும் எறியக்கூடாது என்பது ஸ்டூடியோ விதி. இளம் பொறியாளர் ஒருவர் அதை நாடாவின் கடைசியில், கொஞ்சம் வெற்றுநாடா விட்டு, ஒட்டி வைத்தார். கேட்டபோது பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். முந்தைய பாட்டின் கடைசி அடியோடு தொடங்குகிறது, தன் சொந்தக் கடைசி ஸ்வரம் இல்லாமல் முடிகிறது. ‘முடிவு’ என்றே பெயர் கொண்ட பாட்டுக்குப் பிறகு, மௌனத்துக்கும் பிறகு, வருகிறது. கலைஞன் நினைத்தது மட்டும்தான் உருவம் என்பவர்கள் இந்த 23 விநாடிக்குப் பதில் சொல்ல வேண்டும். தற்செயலை அடையாளம் கண்டு அதை அங்கேயே விட்டுவைப்பதும் சிருஷ்டிதான்.

‘ஸார்ஜன்ட் பெப்பர்’ (1967) இன்னும் ஒரு படி போகிறது. பிரிட்டிஷ் பதிப்பில், பாட்டெல்லாம் முடிந்த பின் முள் சுற்றிக்கொண்டிருக்கும் உள்வட்டத்தில் அர்த்தமற்ற ஒரு பேச்சுத் துணுக்கைப் பதித்தார்கள். தானாக உயராத முள்கை என்றால், எழுந்து எடுக்கும் வரை அது ஓயாது. முடிவு கேட்பவன் கையில். அப்போது வந்த அமெரிக்கப் பதிப்பில் அது இல்லை. 1987இல் குறுந்தகடாக வந்தபோது அதைச் சில தடவை திரும்ப வரச் செய்து மங்க வைத்தார்கள். முடிவில்லாத ஒன்றுக்கு நாகரிகமாக முடிவு கட்டியாயிற்று.

நான் ‘அபே ரோடை’ முதலில் அறிந்தது கேஸட்டில். அதன் சில கேஸட் பதிப்புகளில், இரண்டு பக்கத்தின் நேரமும் சமமாக வர வேண்டும் என்பதற்காக, ‘கம் டுகெதரை’யும் ‘ஹியர் கம்ஸ் தி ஸன்’னையும் இடம் மாற்றிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்று. சூரியன் முதலிலேயே உதித்துவிட்டது. வெட்டுக்குப் பிறகு வந்தது வேறு இரவு. பல வருஷம் கழித்துத் தட்டைக் கேட்டபோது தட்டுத்தான் தப்பு என்று தோன்றியது. நாடா மிச்சம் பிடிக்கச் செய்த கணக்கு என் ரசனையின் அஸ்திவாரத்திலேயே போய் உட்கார்ந்திருந்தது. உருவம் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கோபத்தை என்மீதும் திருப்பியாக வேண்டும். இந்த ஒரே தட்டின் மூன்று பதிப்புகள் என்னிடம் இருக்கின்றன. உள்வட்டத்தில் பொறித்த எண்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருக்கிறேன். ஒருநாள் மாலை மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, அந்த வெட்டுக்கு முன்னிருக்கும் இரைச்சல் எதில் தெளிவு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது முடிந்தபோது எனக்குள் எதுவும் ஓடவில்லை. வெட்டு வெட்டாகவே படவில்லை. எங்கே வரும் என்று தெரிந்து காத்திருந்து, வந்ததும் குறித்துக்கொண்டேன். பள்ளத்தைக் கேட்டேன், பாட்டைக் கேட்கவில்லை. எத்தனை மாதமாக இப்படி என்று யோசித்தபோது பயமாக இருந்தது.

சேகரிப்பின் அபாயம் விலையில் இல்லை, இதில் இருக்கிறது. பொருளைக் காப்பாற்றுகிறவன் அனுபவத்தையும் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். நம்மிடையே ‘எழுத்து’ இதழ்களை வருஷ வரிசையில் பைண்டு செய்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு கவிதையைக்கூடத் திரும்பப் படிக்காதவர்கள் இல்லையா?

தட்டு பத்திரப்படுத்த வேண்டிய பொருள் என்பதைவிட, நிறைவேற்ற வேண்டிய ஒரு காரியம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து வரச் சொல்கிறது. எழுந்து போகிறவனுக்குத்தான் அந்த வெட்டும் அந்த மௌனமும். இரண்டு தட்டுகளை நான் கொடுத்துவிட்டேன் என்று எழுதி இதை முடிக்க ஆசை. இன்னும் கொடுக்கவில்லை.