உரையாடற்பொறியின் உரை அளவையாமோ?

பொருளின் உண்மையை அறிதற்குக் கருவியாவது அளவை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் நூற்பொருளைத் தொடங்குமுன் அளவையை நிறுத்தினமை, அறியப்படும் பொருளினும் அறியுமாற்றை முதற்கண் தெளிதல் வேண்டும் என்னும் கருத்துப்பற்றியேயாம். அளவைகளை ஆறென்பாரும் பத்தென விரிப்பாரும் உளராயினும், அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அவர் துணிபு. இவ்வாராய்ச்சி பழைய ஏடுகளோடு கழிந்தது எனக் கருதுவார்க்கு, அண்மையில் எழுந்த புதுப்பொருளொன்று மறுமொழி கூறி நிற்கின்றது.

2022 நவம்பர் 30-இல் அமெரிக்க நாட்டு ஓபன்ஏஐ என்னும் நிறுவனம் சாட்ஜிபிடி என்ற உரையாடற்பொறியை வெளியிட்டது. பின்னர்க் கூகுள் நிறுவனத்தின் ஜெமினி முதலியனவும் தோன்றின. இராஜபாளையத்து நூலாலைக் கணக்கர்க்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்து வழக்கறிஞர்க்கும் அது கைபேசியளவில் எட்டிய பொருளாயிற்று. தமிழில் வினவினால் தமிழிலேயே விடை தருகின்றது, தயங்குவதில்லை, களைப்பதுமில்லை. இதன்பால் ஆராயத்தக்கன இரண்டு: அது கூறுவது மெய்தானா என்பது ஒன்று, அதனிடங் கூறியது மறையாய் நிற்குமா என்பது மற்றொன்று.

பொறியின் கூற்று மூவகை அளவையுள் யாதன்பாற்படும்? அது பொருளைக் கண்டு கூறுவதன்று, அதற்குக் கண்ணில்லை. ஆப்தன் எனப்படும் நம்பத்தக்கோன் பொருளையுணர்ந்து பிறர் நலங்கருதி மொழியும் உரையுமன்று. மக்கள் எழுதிவைத்த அளவிறந்த எழுத்துக்களைப் பயின்று, ஒரு சொல்லின்பின் எச்சொற் கூறு வருதற்கு வாய்ப்பு மிகுதி என்பதைக் கணித்து, அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதே அதன் தொழில். முதலிற் சொன்னவர் இன்னார் என்பது விளங்காது வழிவழியாக வருஞ் சொல்லை முன்னோர் ஐதிகம் என்றனர். இம்மரத்திற் பேயுண்டு என ஊரார் கூறுதல் அதற்கு எடுத்துக்காட்டு. பொறியின் கூற்று அவ்வைதிகத்தோடு ஒப்பது. ஐதிகத்திலாயினும் ஊரார் வாயினின்று கேட்டதொன்று உண்டு. பொறியோ ஒருவரும் சொல்லாததனையும் எல்லாரும் சொன்னது போன்ற நடையிற் கூறவல்லது.

இங்கே கற்றாரும் மயங்குதற்குக் காரணம் யாதெனின், கருதலளவையில் நேரும் ஏதுப்போலி என்க. மக்களுள் ஒருவன் ஒரு பொருளைப்பற்றி ஒழுங்காகவும் விரிவாகவும் பேசுவானாயின், அவன் அதனை அறிந்தவன் எனக் கருதுகின்றோர் பெரும்பான்மையும் பிழைபடார். சொல்லொழுங்கு புகை, அறிவு அதனடியில் உள்ள நெருப்பு. பொறியின்கண் அத்தொடர்பு அறுந்துவிட்டது. இராஜபாளையத்துக்கு மேற்கே மலைத்தொடரில் விடியற்காலை படியும் பனியைப் புகையெனக் கொண்டு நெருப்புண்டு எனத் துணிவானுக்கும், நடையழகு கண்டு பொறியின் விடையை மெய்யெனத் துணிவானுக்கும் வேறுபாடில்லை.

அற்றேல், பொறி பெரும்பாலும் சரியாகவே கூறுகின்றதே எனின், அஃதொக்கும். தவறுங்கால் தவறு என்பதற்கு ஓர் அடையாளமும் காட்டாமையே குற்றம். நூலறிந்தவன் ஐயுற்றவிடத்துக் குரல் தாழும். பொறி மெய்யையும் பொய்யையும் ஒரே குரலிற் கூறும். இதன் காரணத்தை 2025 செப்டம்பரில் ஓபன்ஏஐ ஆராய்ச்சியாளரே ஒரு கட்டுரையில் விளக்கினர்: பொறிகளைப் பயிற்றும் முறையும் மதிப்பிடுந் தேர்வுகளும், அறியேன் என்பதற்கு மதிப்பளியாது, ஊகித்துக் கூறுவதற்கே ஊக்கமளிக்கின்றன என்பது அவர் முடிபு. அறியேன் என எழுதிய மாணவனுக்கும் பிழையாக எழுதிய மாணவனுக்கும் ஒரே சுழி இடும் ஆசிரியரிடத்துப் பயின்றவன் எதையேனும் எழுதாமல் விடான். 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் வெளியிட்ட ஆய்வில், 18 நாடுகளின் 22 ஒலிபரப்பு நிறுவனங்கள் செய்தி பற்றிய மூவாயிரத்துக்கு மேற்பட்ட விடைகளை ஆராய, நூற்றுக்கு 45 விடைகளிற் குறிப்பிடத்தக்க குறையேனும் ஒன்று காணப்பட்டது.

பொறியைச் சோதித்ததாகக் கூறுவோர் பலர் செய்வது சோதனையாகாது. தாம் அறியாததனை வினவி, விடையின் அழகை வியந்து, நன்று என்கின்றனர். அறியாதவன் அளப்பது எங்ஙனம்? எல்லா நூல்களிலும் உள்ள பொதுச்செய்தியை வினவுதலும் பயனின்று. அதனைப் பொறி பிழைத்தல் அரிது. வினவுவோன் காண்டலால் உறுதியாக அறிந்ததும், நூல்களில் அருகி வருவதுமான பொருளே சோதனைக்குரியது. சிற்றூராரும் சிறுநகரத்தாரும் பெருநிறுவனங்களின் தேர்வாளரினும் இதற்குத் தக்கவர். தமக்கு அணித்தாயவற்றில் அவர்க்குள்ள அறிவு வேறெவர்க்கும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மடவார்வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் உளது. அத்தலத்துக்குத் திருஞானசம்பந்தர் அருளிய பதிகத்தின் பண் யாது என வினவுக. பாண்டிநாட்டுத் தேவாரத் தலங்கள் 14. விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியல் அவற்றுள் ஒன்று. மடவார்வளாகம் அவற்றுள் ஒன்றன்று. அப்படியொரு பதிகம் இல்லை எனப் பொறி மறுக்குமாயின் நன்று. பண்ணும் கூறி, பாட்டும் இயற்றித் தருமாயின், அதன் இயல்பு வெளிப்பட்டது. திருப்பாவைப் பாசுரம் முப்பதே. முப்பத்தொன்றாம் பாசுரத்துக்கு உரை கேட்பதும் இவ்வினத்தது. இராஜபாளையத்தவராகிய பூ. ச. குமாரசாமி ராஜா சென்னை ஆளுநராயிருந்தபோது செய்த செயல்கள் யாவை என வினவின், அவர் 1949 முதல் 1952 வரை சென்னை அரசின் முதலமைச்சராய் இருந்து, பின்னர் ஒரிசாவுக்கே ஆளுநரானார் என வினாவைத் திருத்துதல் வேண்டும். பொய்யை உள்ளடக்கிய வினாவைத் திருத்தாது விடையளிப்பது இப்பொறிகளிடம் பலமுறை கண்ட குற்றம்.

வேறொரு வகையும் உண்டு. தமிழ்நாட்டரசின் சின்னத்தில் உள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பெருவழக்கு. மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேலைக்கோபுரமே அது என்பாரும் உளர். இவ்வாறு வழக்கு இரண்டாய் நிற்குமிடத்து ஒன்றையே துணிந்து கூறும் விடை, அத்துணிவு மெய்யோடு ஒத்ததாயினும், அளவையாற் பிழையுடையதே. ஐயத்துக்குரிய இடத்தில் ஐயமின்மை திரிபிற்கு அணுக்கமானது. ஒரே வினாவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், நேரேயும் மாற்றியும் கேட்டு ஒப்பிடுதல் வேண்டும். சரியான விடை தந்தபின் அது பிழை எனச் சொல்லிப் பார்த்தலும் வேண்டும். உடனே பணிந்து பொய்யை ஏற்குமாயின், முன்னர்க் கூறிய மெய்யும் அறிந்து கூறியதன்று என்பது தெளிவாம். வினவுவோரை அளவு கடந்து புகழ்ந்து உடன்படுகின்றது என்னும் பழியால் ஓபன்ஏஐ 2025 ஏப்ரலில் தன் பொறியின் புதுப்பதிப்பொன்றைத் திரும்பப் பெற்றதும் உண்டு. ஒருநாட் கண்ட முடிபு மறுபதிப்புக்குச் செல்லாது என்பதனையும் சோதிப்போர் நினைவிற் கொள்க.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதாதலின், நீதிமன்றங்களில் நேர்ந்தவை அவ்வூரார்க்குப் புறச்செய்தியல்ல. 2023 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றத்தில் காலணி வணிகக்குறி வழக்கொன்றில் வாதியர் தம் புகழை நாட்டச் சாட்ஜிபிடியின் விடையைக் காட்டினர். நீதியரசர் பிரதிபா எம். சிங், விடையானது வினாவின் அமைப்புக்கேற்ப வேறுபடுவதைச் சுட்டி, சட்டச் சிக்கலையோ உண்மைச் சிக்கலையோ தீர்ப்பதற்கு அஃது அடிப்படையாகாது என்றார். பெயர் கூறாவிடினும் அளவை நூலார் வழியிலே நின்ற தீர்ப்பு அது. அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கில், பொறி புனைந்த தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்க்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அத்தீர்ப்புகள் உண்மைதானா என அவருள் ஒருவர் அப்பொறியையே வினவியிருந்தார் என்பது நகைப்புக்கும் இரக்கத்துக்கும் உரியது. 2024 டிசம்பரில் வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு வழங்கிய ஆணையில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றமை கண்டு அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த நெறியில், தீர்ப்பு முடிவுக்கு இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தலாகாது என விலக்கியது.

இப்பொழுது பொறிகள் இணையத்தைத் தேடி மூலங் காட்டுகின்றனவே, அவ்விடத்து உரையளவையாகாதோ என்பர் சிலர். ஆகாது. அவ்விடத்து அளவையாவது காட்டப்பட்ட மூலமேயன்றிப் பொறியன்று. அதனைத் திறந்து படித்தவனுக்கே அது பயன்படும். மூலத்தில் இல்லாததனை உள்ளதாகக் கூறுதலும் நிகழ்கின்றது. வழிகாட்டும் பலகையின் தொழிலளவே பொறிக்கு உரியது. ஊரைக் கண்டதாக அப்பலகை சான்று கூற இயலாது.

இனி மறை. மெய்ம்மையை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். மறைகாத்தலை அங்ஙனம் சோதித்தல் அரிது. உள்ளிட்ட சொற்கள் எந்நாட்டுக் கணினியிற் படிகின்றன, யார் அவற்றைக் காண்கின்றனர், எத்துணைக் காலம் நிற்கின்றன என்பன காண்டலுக்கு எட்டா. நான் கூறியதைச் சேர்த்து வைக்கின்றாயா எனப் பொறியையே வினவுவாரும் உளர். அது தரும் விடையும் மேற்கூறிய சொல்லடுக்கே. தன்னைப்பற்றிய அதன் கூற்றுக்குத் தனிச்சிறப்பு யாதுமில்லை. எனவே நிகழ்ந்தவற்றினின்று கருதுதலும், நிறுவனத்தின் எழுத்துறுதியையும் சட்டத்தையும் நோக்குதலுமே எஞ்சிய வழிகள்.

நிகழ்ந்தவை ஐயத்துக்கு இடந்தருகின்றன. 2023 மார்ச் 20-இல் ஒரு வழுவினாற் சாட்ஜிபிடியில் ஒருவருடைய உரையாடல் தலைப்புகள் பிறர் கண்ணிற் பட்டன. கட்டணஞ் செலுத்துவோருள் ஒரு சாராரின் கட்டண விவரமும் வெளிப்பட்டிருக்கக்கூடும் என நிறுவனமே அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் ஆராய்ச்சியாளர் சிலர், ஒரு சொல்லை முடிவின்றித் திருப்பிச் சொல்லுமாறு பொறியை ஏவினர். சிறிது நேரத்தில் அது சொல்லை விட்டுத் தான் பயின்ற எழுத்துக்களை அவ்வாறே உமிழத் தொடங்கிற்று. உண்மையான ஒருவரின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அவற்றுள் இருந்தன. மறைபற்றிய சோதனைகளுள் வெளியே நின்றவர் உள்ளிருப்பதைக் கண்ட அரிய சோதனை அது. 2025-இல், பகிர்வதற்கென இணைப்பாக்கிய உரையாடல்கள் கூகுள் தேடலில் அகப்பட்டமையால் அவ்வசதி நீக்கப்பட்டது. அழித்தால் அழிந்துவிடும் என்னும் நம்பிக்கையும் நிலையானதன்று. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், அழிக்கப்படவேண்டிய உரையாடற் பதிவுகளையும் காத்துவைக்குமாறு 2025 மே மாதத்தில் நீதிமன்றம் ஓபன்ஏஐக்குக் கட்டளையிட்டது. அக்கட்டளை செப்டம்பர் வரை நீடித்தது. அலுவலகக் கணினிகளில் இக்கருவிகளைப் பயன்படுத்தலாகாது என இந்திய நிதியமைச்சகம் 2025 சனவரியில் தன் அலுவலர்க்கு அறிவுறுத்தியது.

சட்டம் நோக்கின், 2017-இல் உச்சநீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென நாட்டிற்று. 2023-இல் மின்னணுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் விதிகள் வெளிவந்தன. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தம் விவரங்கள் அச்சட்டத்தின் காப்பிற்குப் புறம்பானவை.

வழக்கறிஞரிடத்துக் கட்சிக்காரன் கூறியதை வெளியிடலாகாது என 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு காக்கின்றது. அக்காப்பு அவருடைய குமாஸ்தாவையும் பிணிக்கும். பொறியோடு பேசிய பேச்சுக்கு இத்தகைய காப்பில்லை என ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் 2025 ஜூலையில் வெளிப்படையாகவே கூறினார். பெயரை நீக்கிவிட்டு உள்ளிட்டால் தீங்கில்லை என்பது பலர் கொள்ளும் அமைதி. பெருநகரத்தில் அஃது ஒருவாறு பொருந்தும். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஆலை இன்னது, தெரு இன்னது, உடன்பிறந்தார் இத்தனைபேர், பாகப்பிரிவினை நடந்த ஆண்டு இது என்ற அளவிலேயே ஆள் இன்னாரென ஊர் அறிந்துவிடும். பெயர் நீக்கிய தாளைப் பொறிக்கு இடுமுன், அவ்வழக்குக் கட்டைத் தொடாத தம் குமாஸ்தாவிடம் வழக்கறிஞர் படிக்கத் தருக. யாருடைய வழக்கு என்பதை அவர் சொல்லிவிடுவாராயின், அத்தாள் பொறிக்குச் செல்லத்தக்கதன்று.