பாடசாலை உளநலச் செயற்றிட்டங்களும் அளவீட்டின் எல்லையும்

பாடசாலைகளில் நடத்தப்பெறும் உளநலச் செயற்றிட்டங்கள் பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் பயிற்றப்பட்ட ஆசிரியர் தொகை, பங்குபற்றிய பிள்ளைகள் தொகை என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. அப்பிள்ளைகளிடத்து விளைந்த மாற்றம் யாது என்ற வினாவை ஒப்பீட்டு முறையில் ஆராய்ந்தவை மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று, போர் தொடர்ந்துகொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் நடத்தப்பட்டு, 2012இல் 'வேர்ல்ட் சைக்கியாற்றி' என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. வீட்சே டோல் முதலானோருடன் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் சிவயோகனும் அதன் ஆசிரியருள் ஒருவர்.

முதலில் 1,370 பிள்ளைகள் பரிசீலிக்கப்பட்டு, 9 முதல் 12 வயது வரையான 399 பேர் தெரிவாயினர். 199 பேருக்கு ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள் நடத்தப்பட்டன. எஞ்சிய 200 பேர் தம் முறைக்காகக் காத்திருந்தனர். அமர்வுகளை நடத்தியோர் மருத்துவரல்லர், பயிற்சி பெற்ற துணைப் பணியாளர்கள். தொடங்குமுன் ஒருமுறையும், முடிந்து ஒரு வாரத்தின் பின்னும், மூன்று மாதங்களின் பின்னும் அளவீடு நிகழ்ந்தது.

மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு ஆகிய முதன்மை அறிகுறிகளில் இரு குழுக்களுக்குமிடையே பொதுவான வேறுபாடு எதுவும் தோன்றவில்லை. நடத்தைப் பிரச்சினைகளில் மட்டும் முன்னேற்றம் காணப்பட்டது. இதை மறையாது எழுத முன்வந்தமை இவ்வாய்வின் முதற் சிறப்பு.

ஆயின் சராசரியைப் பிரித்து நோக்கும்போதே உண்மைநிலை புலனாகின்றது. மனவடு, பதகளிப்பு அறிகுறிகளில் ஆண்பிள்ளைகள் கூடிய பயன் பெற்றனர். பெண்பிள்ளைகளிடத்தோ, பங்குபற்றியோரைவிடக் காத்திருந்தோரிடத்தே மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. தானே நிகழும் தேறுதலைச் செயற்றிட்டம் சிலரிடத்துக் குலைத்திருக்கலாம் என்று ஆசிரியர்களே கருதுகின்றனர். இது சாதாரண கூற்றன்று. நன்மை செய்யாவிடினும் தீமை செய்யாது என்ற நம்பிக்கையிலேயே இத்தகைய திட்டங்கள் வகுப்பறைக்குள் அனுமதிக்கப்படுகின்றன. வகுப்பிற் பேசத் தூண்டப்பட்ட சிறுமி தன் பேச்சுக்கு இடமில்லாத வீட்டுக்கே திரும்பினாள் என்பது எமது ஊகம். 'பொம்பிளைப் பிள்ளை அடக்கமாய் இருக்கவேணும்' என்னும் சூழலில் அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நடப்புப் போர் நெருக்கடி குறைந்த பிள்ளைகளே கூடிய பயன் பெற்றனர் என்பது மற்றொரு முடிபு. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் குடாநாடு அடைந்த நிலையை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. ஊரடங்கும் காணாமற்போதலும் வெளியே தொடர, உள்ளே அமைதி பயிற்றினால் எவ்வளவு தூரம் செல்லும்? தேவை மிகுந்தவரையே திட்டம் குறைவாக எட்டியது.

எமது முதன்மையான மறுப்பு கால அளவு பற்றியது. மூன்று மாதம் என்பது ஏறத்தாழ ஒரு பாடசாலைத் தவணை. பதின்பருவத்தின் வாயிலிலேயே அளவீடு நின்றுவிட்டது. சாதாரண தரப் பரீட்சையும் இடைவிலகலும் தொழில் தேடலும் அதன் பின்னர் வருபவை. காத்திருந்தோருக்கும் அமர்வுகளை வழங்குவதே அறம். ஆனால் வழங்கியதும் ஒப்பீட்டுக் குழு இல்லாதொழிகின்றது. இம்முரண்பாட்டைக் கட்டுரை எதிர்கொள்ளவில்லை.

வசதி மிக்க நாடுகளிலும் பெறுபேறு பெரிதும் வேறானதன்று. இங்கிலாந்தை மையமாகக் கொண்டு 85 பாடசாலைகளில், 8,000க்கு மேற்பட்ட மாணவரிடையே மனக்கவனப் பயிற்சியைச் சோதித்து 2022இல் வெளியான 'மிரியட்' ஆய்வு, ஓராண்டின் பின்னரும் வழமையான கற்பித்தலைவிட மேலான பயனைக் காணவில்லை. எனினும் அங்கு ஓராண்டேனும் பின்தொடர்ந்தனர். இங்கு புதிய செயற்றிட்டமொன்றைத் தொடங்குவோர், பிள்ளைகளைச் சாதாரண தர வகுப்புவரை ஆண்டுதோறும் பின்தொடர்வதற்கும், பெண்பிள்ளைகளின் முடிவுகளைத் தனியே வெளியிடுவதற்கும் முதலிலேயே நிதி ஒதுக்குதல் வேண்டும்.