கதவுக்குள் இருக்கும் வேலை

கார் கண்ணாடி மாற்றுகிற வேலையில் முன் கண்ணாடி ஒட்டுகிறவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஆளுயரக் கண்ணாடி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்குவது, கறுப்புப் பசையைச் சட்டத்தைச் சுற்றிப் பிதுக்கி இழுப்பது என்று வேடிக்கை பார்க்க நிறைய இருக்கிறது. பக்கக் கதவுக் கண்ணாடி போடுகிறவரை யாரும் சீந்துவதில்லை. அவர் கதவின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரலால் எதையோ துழாவியபடி உட்கார்ந்திருப்பார். என்னைக் கேட்டால் நின்று ரசிக்க வேண்டியது இவருடைய வேலையைத்தான். முன் கண்ணாடி ஒட்டிய இடத்தில் இருந்தால் போதும். கதவுக் கண்ணாடி தினமும் ஏறி இறங்க வேண்டும். கதவை அறைந்து சாத்தினாலும் ஆடாமல் நிற்க வேண்டும். இதையெல்லாம் தீர்மானிக்கிற வேலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

மதுரை - ராமநாதபுரம் சாலையைப் பார்த்திபனூரில் விட்டுத் தெற்கே கமுதிக்குத் திரும்பினால் வழியில் வருகிற பேரூர் அபிராமம். சுற்றிலும் கண்மாயும் மிளகாய்க் காடும் சீமைக் கருவேலமும். கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி அனுப்புவது இந்த வட்டாரத்தில் பலருக்கும் பிழைப்பு. விறகு ஏற்றிய டிராக்டரில் கட்டுக்கு வெளியே கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கார் என்றால் அது கூரைக்கு மேலே போய்விடும். பொலிரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி உயர்ந்த வண்டி என்றால் கொம்பின் முனை சரியாகப் பக்கக் கண்ணாடி மட்டத்துக்கு வரும். ஒதுங்க இடமில்லாத ரோட்டில் உரசினாலே போதும். டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி இருந்த இடம் வெட்டவெளியாகிவிடும். சீட்டு முழுக்கக் கல்கண்டை அள்ளி இறைத்தது போலச் சில்லுகள்.

இப்படி உடைய வேண்டும் என்றே செய்யப்பட்ட கண்ணாடி இது. கடைக்காரர்கள் ‘டஃபன்’ என்று சுருக்கிச் சொல்கிற டஃபண்ட் கிளாஸ். கண்ணாடியை வெட்டி, ஓரம் தேய்த்து, வளைத்து, 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் சட்டென்று காற்றைப் பீய்ச்சிக் குளிர வைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், தோல் விடாது. அதனால் தோல் எப்போதும் அழுந்திய நிலையிலும், நடு எப்போதும் இழுபட்ட நிலையிலும் இருக்கும். அழுந்திய தோல் இருக்கும்வரை கண்ணாடி கல்லுக்கும் அஞ்சாது. அந்தத் தோலை ஒரு புள்ளியில் கிழித்துவிட்டால், அடைத்து வைத்த இழுவிசை அத்தனையும் ஒரே நேரத்தில் விடுபட்டு முழுக் கண்ணாடியும் சில்லாகிவிடும். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே உருகிய கண்ணாடியைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு இந்த வித்தையைப் பார்த்திருக்கிறார்கள். வால் நீண்ட அந்தச் சொட்டின் தலையைச் சுத்தியலால் தட்டினாலும் தாங்கும்; வாலை ஒடித்தால் மொத்தமும் தூளாகிவிடும். ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார்.

முன் கண்ணாடி வேறு சாதி. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய ‘லேமினேட்’ அது. உடைந்தாலும் சிலந்திக் கூடாகக் கீறல் விட்டு இடத்திலேயே நிற்கும். கதவுக்கு டஃபன் வைத்தால், விபத்து நேரத்தில் ஓரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி உடைத்து வெளியே வர முடியும். கூரான பெருந்துண்டு கழுத்தை அறுக்காது. இவ்வளவு நன்மைக்கும் சேர்த்து ஒரு விலை இருக்கிறது. ஒரு கண்ணாடி ஆயிரக்கணக்கான சில்லாகப் போகிறது. அவ்வளவையும் யாராவது பொறுக்கி எடுத்தாக வேண்டும். கதவுக் கண்ணாடிக்காரரின் தொழில் அங்கேதான் தொடங்குகிறது.

அபிராமத்தில் ஒரு ஸ்கார்ப்பியோவுக்கு இந்த வேலை நடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். விடுமுறைக்கு வந்த பையனுடைய வண்டி, பின்கதவுக் கண்ணாடி போயிருந்தது. வேலைக்கு வந்த பெரியவர் டூல் பையை இறக்குவதற்கு முன்பே சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, சுவிட்சுல மட்டும் கை வச்சுராதீக.”

பையன் அதற்குள் இரண்டு முறை அழுத்திப் பார்த்திருந்தான். கண்ணாடி இல்லாவிட்டாலும் உள்ளே ரெகுலேட்டர் இருக்கிறது. அதுதான் மோட்டார் சுழல்வதைக் கண்ணாடியின் ஏற்ற இறக்கமாக மாற்றும் கை. சில்லுகள் சிக்கிய நிலையில் அதை ஓட்டினால் கம்பியும் பல்லும் கெடும். செலவு இன்னும் சில ஆயிரம் ஏறும்.

பிறகு கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேட். கைப்பிடிக் குழிக்குள் ஒரு திருகாணி, திறக்கிற கொண்டிக்குப் பின்னால் சின்ன மூடியைத் தூக்கினால் இன்னொன்று. மீதியெல்லாம் பிளாஸ்டிக் கிளிப். அவசரக்காரர் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புவார். கிளிப்பின் தலை முறியும், பேடின் ஓரத்தில் பல்லடி விழும். பெரியவர் கிளிப் இருக்கும் இடத்தை வெளியே இருந்து விரலால் தட்டியே கண்டுபிடித்தார். அதற்கு நேராகத் தட்டையான பிளாஸ்டிக் பட்டையைக் கொடுத்தார். கீழிருந்து ஒவ்வொன்றாக ‘டக், டக்’ என்று விட்டது. கடைசியில் பேடை இழுக்காமல் மேலே தூக்கினார். மேல் விளிம்பு கொக்கியில் தொங்குகிறது என்பது அவர் கைக்குத் தெரியும். முறிந்த கிளிப்புக்குப் பதில் போட அவர் பையில் புதுக் கிளிப்புகள் ஒரு டப்பியில் இருந்தன. ஒரு கிளிப்பின் விலை அற்பம். அதைக் கையோடு கொண்டு வருகிறவரா இல்லையா என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம்.

பேடுக்குப் பின்னால் ஒரு பாலிதீன் தாள், ஓரம் முழுக்கக் கறுப்புக் கோந்தில் ஒட்டியிருக்கும். வண்டிக்காரர் பலருக்கு அது பார்சல் சுற்றி வந்த தாள் மாதிரித் தோன்றும். கிழித்துப் போட்டாலும் கேட்க மாட்டார்கள். உண்மையில் மழை பெய்யும்போது கண்ணாடி வழியே வழிகிற தண்ணீர் கதவுக்குள்ளேதான் இறங்குகிறது. கதவின் அடியில் உள்ள துளைகள் அதை வெளியே விடுகின்றன. வண்டிக்குள் வராமல் அதைத் தடுப்பது இந்த ஒரு தாள்தான். ராமநாதபுரம் பக்கம் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். சித்திரையில் கிழித்த தாளின் கணக்கு ஐப்பசியில் கால்மிதி நனைந்து நாறும்போதுதான் தீரும். அதற்குள் கண்ணாடி மாற்றியவரை எல்லாரும் மறந்திருப்பார்கள். பெரியவர் பிளேடைக் கோந்துக்கும் தகரத்துக்கும் நடுவே பைய ஓட்டி, கோந்து தாளோடு வரும்படி உரித்து, தூசி படாமல் திண்ணையில் விரித்து வைத்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. கதவின் அடியில் குவிந்த சில்லுகளை முதலில் அள்ளினார். உறிஞ்சு மிஷினைக் கொடுத்தார். பேட்டரி விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தார். கதவை இரண்டு மூன்று முறை சாத்தினார், சலசலவென்றது. மறுபடி கையை விட்டார். தண்ணீர்த் துளைகளைக் கம்பியால் குத்தி, அடைத்திருந்த சில்லையும் மண்ணையும் விழச் செய்தார். ரெகுலேட்டரின் பிடியில் பழைய கண்ணாடியின் அடித்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது; அதைப் போல்ட்டோடு கழற்றினார். கண்ணாடி ஓடுகிற ரப்பர் வாய்க்காலை, ரன் சேனல் என்பார்கள், மேலிருந்து கீழ்வரை விரல் நுனியால் நீவினார். ஒரு சில்லு அங்கே ஒளிந்திருந்தால் புதுக் கண்ணாடியில் முதல் நாளே கோடு விழும். பிறகு சீட்டின் தண்டவாளம், பெல்ட் சுருளும் துளை, சீட்டு மடிப்பு.

பையன் பொறுமை இழந்தான். “கண்ணாடி மாட்ட இம்புட்டு நேரமாண்ணே?”

“மாட்டுறதுக்கு என்ன நேரம் தம்பி, எடுக்கத்தான் நேரம்” என்றார் பெரியவர், கையை வெளியே எடுக்காமலே.

டஃபனை வெட்டவோ துளையிடவோ முடியாது, தொட்டால் சில்லாகிவிடும். துளையும் வளைவும் சூட்டுக்கு முன்னாலேயே போட்டு முடித்தவை. ஆகவே இந்த வண்டிக்கு, இந்தக் கதவுக்கு, இந்தப் பக்கத்துக்கு என்று அச்சாக அதே கண்ணாடி வர வேண்டும். அபிராமத்தில் அது கிடைக்காது. மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும். பழையது போதும் என்பவர்கள் சென்னைப் புதுப்பேட்டை வரை கேட்டுப் பார்ப்பார்கள். வந்ததும் பெரியவர் பார்த்தது மூலையில் பொடி எழுத்தில் இருந்த முத்திரையை. செய்த கம்பெனி, டஃபனா லேமினேட்டா என்பது, இந்திய தர எண் ஐ.எஸ். 2553 எல்லாம் அதில் இருக்கும். பிறகு பக்கத்துக் கதவுக் கண்ணாடியோடு சேர்த்து வைத்து நிறம் பார்த்தார். வாகனக் கண்ணாடி பெரும்பாலும் லேசான பச்சை. ஒரு சாயல் மாறினாலும் வெயிலில் காட்டிக் கொடுத்துவிடும். தமிழ்நாட்டுக்குக் கண்ணாடி ஒன்றும் அன்னியச் சரக்கில்லை. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடி வார்க்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் உலகுக்கு அறிவித்தது. அந்த முறையில் வார்க்கும் செயின்ட் கோபைன் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் 2000இலிருந்து ஓடுகிறது.

புதுக் கண்ணாடியை அவர் சிமெண்டுத் தரையில் நிறுத்தவில்லை, மடித்த கோணியில் சாய்த்து வைத்தார். டஃபனின் பலமெல்லாம் முகத்தில், பலவீனம் விளிம்பில். பின்கதவில் நடுச் சேனல் ஒன்று குறுக்கே நிற்கும். அதைத் தளர்த்தி ஒதுக்கினார். கண்ணாடியைச் சாய்த்து, ஒரு மூலையை முதலில் கதவின் இடுப்புப் பிளவுக்குள் இறக்கி, உள்ளே போனதும் நிமிர்த்தி, இரு பக்கச் சேனலிலும் உட்கார வைத்தார். ரெகுலேட்டர் பிடியில் பொருத்திப் போல்ட்டை விரலால் மட்டும் முடுக்கினார். ஸ்பேனரை எடுக்கவில்லை. “இப்ப சுவிட்சப் போடுங்க, பைய” என்றார்.

தளர்ந்த போல்ட்டோடு கண்ணாடி மேலே ஏறியது. மேல் ரப்பருக்குள் நுழையும்போது ஒரு நூல் அளவு பின்னால் நகர்ந்து, தானாகவே நேரானது. அதன் பிறகுதான் பத்தாம் நம்பர் ஸ்பேனரை விட்டுப் போல்ட்டை இறுக்கினார். கீழே வைத்தே இறுக்கிவிட்டால் நாம் வைத்த கோணத்தில்தான் கண்ணாடி ஏறும். மேலே போய் ஒரு மூலை முட்டும், மறு மூலையில் காற்று விசிலடிக்கும். மேலே ஏற்றி, சட்டத்தையே அளவுகோலாக்கி, கண்ணாடியைத் தன் இடத்தைத் தானே பிடிக்கவிட்டு இறுக்குவது கைத்தொழிலின் உயர்ந்த நுட்பங்களில் ஒன்று. அதிலும் இறுக்கம் ஓர் அளவு. கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு நைலான் புஷ்தான் இருக்கிறது. வலுவைக் காட்டினால் புதுக் கண்ணாடியும் கல்கண்டாகிவிடும்.

ரப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய் வரும் வண்டிகளின் கதவுக் கண்ணாடியில் நெட்டுக்குத்தாக மெல்லிய கோடுகள் இருப்பதைப் பார்க்கலாம். அரிச்சல்முனை வரை 2017இல் சாலை வந்த பிறகு எல்லா வண்டியும் கடைசி வரை போகிறது. கடற்காற்று கொண்டு வருகிற நுண்மணல், கதவின் இடுப்புப் பிளவில் இருக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி இறங்கும் ஒவ்வொரு முறையும் இழைக்கும். பழைய பீடிங்கை வைத்துக்கொண்டு புதுக் கண்ணாடி போடுவது வீண். ஆனால் வண்டிக்காரர் கணக்கு வேறு. வழக்கமான முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்கு 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். கண்ணாடியை மாற்று, ரப்பரை விட்டுவிடு என்று சொல்வது அதனால்தான். பெரியவர் வாதாடவில்லை. பழைய பீடிங்கைக் கழற்றிக் கழுவி, தடவிப் பார்த்து, ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னார். மற்றதில் சிலிக்கான் ஸ்பிரே அடித்தார். கிரீசோ எண்ணெயோ போட்டால் ரப்பர் ஊதும், மணலும் சேரும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தரச் சொன்னான் பையன். கறுப்பு ஃபிலிமுக்கு உச்ச நீதிமன்றம் 2012லேயே தடை போட்டுவிட்டது. பக்கக் கண்ணாடி வழியே 50 சதவீத வெளிச்சமாவது வர வேண்டும் என்பது விதி. “அது நம்ம வேலை இல்ல தம்பி” என்று அதோடு முடித்துக்கொண்டார்.

வேலை நன்றாக நடந்ததா என்று பார்க்கச் சில வழிகள் உண்டு. பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து ஏற்றி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே பிடிமானம் இருக்க வேண்டும். கண்ணாடியைப் பாதியில் நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். ஒற்றைச் சத்தம்தான் வர வேண்டும். சலசலத்தால் உள்ளே சில்லு இருக்கிறது, கடகடத்தால் போல்ட்டோ சேனலோ தளர்ந்திருக்கிறது. ஒரு தொடுகையில் தானாக ஏறும் கண்ணாடி என்றால், பல வண்டிகளில் உச்சிக்கு ஏற்றிச் சுவிட்சைச் சில நொடி பிடித்து அதற்குத் தன் எல்லையைக் கற்றுக் கொடுக்க வேண்டும். கடைசியாக ஒரு குடம் தண்ணீரை ஊற்றுங்கள். கதவடியில் வர வேண்டும், கால்மிதியில் வரக்கூடாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜினைக் கேட்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். நான் நாலு கதவையும் அரைக் கண்ணாடியில் சாத்திப் பார்க்கச் சொல்வேன். முந்தைய சொந்தக்காரர் வேலைக்காரரை அவசரப்படுத்தினாரா, பொறுத்திருந்தாரா என்பது அதில் தெரிந்துவிடும். பில்லில் கண்ணாடிக்கு ஆயிரங்கள் இருக்கும்; மாட்டுக்கூலி என்று கீழே ஒரு சின்னத் தொகை இருக்கும். பேரம் பேசுகிறவர்கள் அந்தச் சின்னத் தொகையில்தான் கை வைப்பார்கள். அதைக் குறைத்தால் குறையப்போவது சில்லு பொறுக்குகிற நேரம்.