மலை ஏறிய சத்துணவு

சத்துணவைப் பற்றித் தமிழ்நாட்டில் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் சொல்வார்கள்: அழுகிய முட்டை, பல்லி விழுந்த சாம்பார், கணக்கில் மட்டும் சாப்பிடும் மாணவர்கள். இவை நடக்கின்றன. செய்தியாகின்றன. யாரையாவது பணியிடை நீக்கம் செய்ததும் மறந்தும் போகின்றன. ஆனால் திட்டத்தின் வடிவத்தையே எடுத்து வைத்துப் பேசுபவர்கள் குறைவு. எந்த வயதுக்கு, எந்த வேளைக்கு, எந்த மாதத்துக்கு, எந்தத் தானியத்தில் உணவு தருகிறோம் என்பதைச் சமவெளியை மனத்தில் வைத்து முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவுகள் மலையில் எப்படி நிற்கின்றன என்று பார்க்க ஜவ்வாது மலை பொருத்தமான இடம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஒரு பக்கம் ஜமுனாமரத்தூர், இன்னொரு பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். சாமை, புளி, பலா, தேன் ஆகியவைதான் மலையின் வருமானம். மானாவாரி நிலத்தில் மழை கொடுத்தால் ஒரு போகம். அது முடிந்ததும் வேலை தேடி மலையிறங்க வேண்டும். கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், கேரளம், திருப்பூர் என்று குடும்பங்கள் போகின்றன. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் பலர் இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்த கூலிகள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பள்ளித் தட்டின் முன் உட்காரும் பிள்ளை இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறது.

திட்டத்தின் வரலாறு வாசகர் அறிந்ததுதான். 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளி, 1956இல் காமராஜரின் மதிய உணவு, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்த முட்டை, இன்று பள்ளி நாள்தோறும் ஒன்றாகியிருக்கிறது. 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகளுக்குப் போனது. அதில் 237 பள்ளிகள் தொலைதூரத்திலும் மலையிலும் இருப்பவை. மாநகராட்சிப் பள்ளிகளோடு சேர்த்து மலைப் பள்ளிகளையும் முதல் வரிசையில் வைத்தது சரியான முடிவு. மலையில் பெரியவர்கள் விடிந்ததும் காட்டுக்கோ கொல்லைக்கோ போய்விடுவார்கள். பிள்ளை முந்தின நாள் மிச்சத்தைத் தின்றுவிட்டு, அல்லது ஒன்றும் தின்னாமல், நடந்து பள்ளிக்கு வரும். அந்த வயிற்றுக்குக் காலை எட்டரைக்குச் சூடான கிச்சடி கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

பயன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் ஃபர்சானா அஃப்ரிதி நடத்திய ஆய்வில், பள்ளியில் உணவு கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் பிள்ளையின் பங்கைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. பள்ளியில் உண்டதில் பெரும்பகுதி கூடுதலாகச் சேர்ந்தது. புரதப் பற்றாக்குறை முழுவதுமாக ஈடானது. மலைக்கு இன்னும் நெருக்கமானது ஆந்திரத்தில் நடந்த ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு. வறட்சியில் அடிபட்ட குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்கு உடல் வளர்ச்சியில் ஏற்பட்ட பின்னடைவை மதிய உணவு ஈடுகட்டியது என்று அது காட்டியது. மழை பொய்த்தால் சாமையும் பொய்த்துப்போகும் ஊரில் பள்ளி உணவு ஒருவகைப் பயிர்க் காப்பீடு.

வருகைப் பதிவைப் பற்றி அரசு சொல்வதை மட்டும் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். காலை உணவு வந்த பிறகு 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியது என்றது மாநிலத் திட்டக்குழு. ஆனால் அது திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின் என்ற ஒப்பீடு. காலை உணவு இல்லாத பள்ளிகளை அருகில் வைத்துப் பார்க்காமல் முழுப் பெருமையையும் உப்புமாவுக்குக் கொடுத்துவிட முடியாது. கொரோனாவுக்குப் பின் பள்ளிகள் மெல்லச் சீரான காலமும் அதுவேதான். வருகை கூடியிருக்கும் என்றே நானும் நம்புகிறேன். எவ்வளவு என்பதில்தான் சந்தேகம்.

இனி வடிவத்துக்கு வருவோம். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சமவெளியில் இதன் இழப்பு அவ்வளவாகத் தெரியாது. மலையில் அப்படியல்ல. தொடக்கப் பள்ளி குக்கிராமத்திலேயோ பக்கத்திலேயோ இருக்கும். ஆறாம் வகுப்புக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும், நடை கூடும், வீட்டிலிருந்து கிளம்பும் நேரமும் முன்னால் வரும். அதாவது, தூரமும் பசியும் கூடும் அதே ஜூன் மாதத்தில் காலை உணவு கையைவிட்டுப் போகிறது. உடல் வேகமாக வளரத் தொடங்கும் வயதும் அதுதான். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்கி இரும்புச்சத்துத் தேவை ஏறும் வயதும் அதுதான். படிப்பை நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு எழுவதும் பெரும்பாலும் அப்போதுதான். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. பதினொன்றில் அதுவும் இல்லை. பிள்ளை வளர வளரத் தட்டு சுருங்கும்படி ஒரு திட்டத்தை யாரும் வேண்டுமென்றே வகுக்க மாட்டார்கள். நிதியைக் கணக்குப் போட்டு ஓரிடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரவு உணவு இன்னொரு கேள்வி. காலையும் மதியமும் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்ற கணக்குக்குப் பின்னால், இரவில் சோறு போட வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் இருக்கிறது. பெற்றோர் காப்பித் தோட்டத்தில் இருக்கும் மாதங்களில் பாட்டியோ அக்காவோதான் அந்த ஒருவர். அதனால்தான் மலையில் பலர் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியைத் தேடுகிறார்கள். படிப்புக்காக என்பதைவிட, தாங்கள் ஊரில் இல்லாதபோது பிள்ளை மூன்று வேளையும் சாப்பிடும் என்பதற்காக. இடம்பெயரும் வாழ்க்கைக்குப் பொருந்திய ஒரே ஏற்பாடு அதுதான். ஆனால் அங்கே பள்ளி மாணவருக்கு மாத உணவுப்படி 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. மூன்று வேளைக்கும் சேர்த்து நாளுக்கு 47 ரூபாய்கூட வராது. இதில் காய்கறி வண்டி மலை ஏறும் வாடகையும் ஒளிந்திருக்கிறது. சமவெளி விலையில் மலைச் சமையல் நடக்காது என்பது விடுதிக் காப்பாளர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த கணக்கு.

பள்ளி நாள்காட்டியையும் பாருங்கள். ஆண்டில் பள்ளி நடப்பது ஏறக்குறைய 220 நாள். மீதி 145 நாளுக்கு முட்டை இல்லை, பருப்பு இல்லை. கோடையில் பலாவும் புளிக்காசும் ஓரளவு கைகொடுக்கும் என்பது உண்மை. பலாப்பழம் வயிற்றை நிறைக்கும், முட்டையின் வேலையைச் செய்யாது. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது. விடுமுறையில் சமைப்பது நடக்காத காரியம் என்று சொல்ல இடமில்லை.

அடுத்தது சாமை. மலையில் சாமை விளைகிறது, பள்ளியில் ரவை வேகிறது என்ற முரண் எல்லோர் கண்ணிலும் படுவதுதான். ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைப்பதால் வீட்டிலும் அரிசிச் சோறுதான். சாமை விற்பனைப் பயிராகிக் கீழே உள்ள ‘இயற்கை அங்காடி’களுக்குப் போகிறது. காலை உணவுக்கான அரசாணை வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதிச் சிறுதானியத்தில் சிற்றுண்டி வழங்கலாம் என்றுதான் சொன்னது, கட்டாயமாக்கவில்லை. கொள்முதல், உமி நீக்கும் இயந்திரம், விலை ஆகியவற்றை யார் பார்ப்பது என்று முடிவாகாதவரை உப்புமாதான் வெல்லும்.

ஆனால் சிறுதானியப் பிரச்சாரத்தின் உற்சாகத்தையும் நான் முழுக்க ஏற்கவில்லை. 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்பு என்று பல துண்டறிக்கைகளில் அச்சாகிறது. அது கோபாலன் குழுவின் பழைய உணவு அட்டவணை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் சாமையின் இரும்பு 1.3 மில்லிகிராமுக்கும் கீழே. புரதம் 10 கிராம், அரிசியில் 8. நார்ச்சத்திலும் சாமை அரிசியை மிஞ்சுகிறது. ஆக, சாமை அரிசியைவிட மேல். இரத்தசோகைக்கு மருந்து அல்ல. பள்ளியில் சாமை வேக வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் வேறு: மலையில் விளைந்ததை மலையிலேயே நிலையான விலைக்கு வாங்க ஓர் ஆள் இருந்தால், மலையிறங்கும் குடும்பங்கள் சில குறையலாம். ஒடிசா தன் சிறுதானிய இயக்கத்தில் பழங்குடி மாவட்டங்களிலேயே கேழ்வரகைக் கொள்முதல் செய்து, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு லட்டாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் கடைக்குக் கேழ்வரகு வந்தது 2023இல், நீலகிரிக்கும் தருமபுரிக்கும்.

இரும்பு என்றதும் செறிவூட்டிய அரிசி நினைவுக்கு வரும். நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கும் அந்த மணிகள் பார்வைக்குக் கொஞ்சம் வேறாக இருக்கும், கழுவும்போது மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்ற புரளி நாடெங்கும் பரவியதால், முறத்தில் புடைத்துப் பொறுக்கி வெளியே எறிபவர்கள் பல ஊர்களில் உண்டு. 100 கிராம் அரிசியில் 3, 4 மில்லிகிராம் இரும்பு அந்தச் சில மணிகளில்தான் இருக்கிறது. பொறுக்கியது கல்லா சத்தா என்று சமையலருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சாம்பாரில் தக்காளியோ தட்டில் ஒரு நெல்லிக்காயோ இருந்தால் அந்த இரும்பு உடலில் சேரும். குடற்புழு நீக்காவிட்டால் சேர்ந்ததும் போய்விடும். இத்தனையும் கைகோத்தால்தான் இரத்தசோகை குறையும்.

அதுவும் பள்ளிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். உயரக் குறைவு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டில் முடிவாகிற விஷயம். ஆறு வயதில் தரும் கிச்சடியிடம் அதற்குக் கணக்குக் கேட்பது நியாயமில்லை. ஆனால் தலைமுறை தாண்டிக் கேட்கலாம். பள்ளியில் மதிய உணவு உண்ட பெண் பிள்ளைகள் பிற்காலத்தில் தாயானபோது அவர்கள் குழந்தைகளின் உயரக் குறைபாடு குறைந்திருந்ததாக 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. இளவயதுத் திருமணம் இன்னும் ஒழியாத மலையில் இதன் பொருள் பெரிது.

படிப்புக்கு வருவோம். இங்கேதான் பெருமைப் பேச்சு அதிகம், சான்று கொஞ்சம். சக்கரவர்த்தி, ஜெயராமன் இருவரும் இந்தியா முழுவதற்குமான தரவை வைத்துப் பார்த்ததில், ஓராண்டுக்கும் குறைவாகப் பள்ளி உணவு கிடைத்த பிள்ளைகளைவிட ஐந்தாண்டு வரை கிடைத்தவர்கள் வாசிப்பில் 18 விழுக்காடும் கணக்கில் 9 விழுக்காடும் கூடுதலாகப் பெற்றார்கள். இதில் என் கண்ணில் படுவது ஐந்தாண்டு என்ற அளவுதான். பலன் தொடர்ச்சியில் இருக்கிறது. ஆண்டில் சில மாதம் பெற்றோரோடு தோட்டத்துக்குப் போய்வரும் பிள்ளைக்கு அந்த ஐந்தாண்டு ஒருநாளும் சேராது. கென்யாவின் எம்பு பகுதியில் நடந்த சோதனையும் கவனிக்கத்தக்கது. அங்கே பள்ளிச் சிற்றுண்டியில் இறைச்சி சேர்த்த பிள்ளைகள், எண்ணெயால் மட்டும் கலோரி கூட்டப்பட்டவர்களைவிட அறிவுத்திறன் தேர்வில் முன்னேறினார்கள். நம்மிடம் அந்த இடத்தில் இருப்பது முட்டை. தட்டில் எதைக் குறைத்தாலும் அதில் கைவைக்கக் கூடாது.

இருந்தும் 2022இன் ‘ஏசர்’ கல்வி நிலை ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமப்புற ஐந்தாம் வகுப்பில் ஏறக்குறைய நான்கில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. அந்த ஆய்வின் முறையைக் குறை சொல்பவர்கள் உண்டு. கொரோனா இடைவெளியும் அதில் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும், நாட்டிலேயே நன்றாகச் சோறு போடும் மாநிலம் வாசிப்பில் முன்வரிசையில் இல்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்து நடத்தும் மலைப் பள்ளியில், நிறைந்த வயிறு பிள்ளையை விழித்திருக்க வைக்கும். எழுத்தறிவிக்க ஆள் வேண்டும்.

சமைக்கவும் ஆள் வேண்டும்; அவர்களுக்குக் கிடைப்பது சொற்பம். 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நிரப்ப அரசு ஆணையிட்டது. காலையில் அடுப்பைப் பற்றவைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அவர்களும் இதே ஊரின் தாய்மார்கள். ஒன்றிய அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவரின் மதிய உணவுக்கான பொருள் செலவாக 2025 மே முதல் நிர்ணயித்திருப்பது 6 ரூபாய் 78 காசு. கடையில் ஒரு முட்டையும் அதே விலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். முட்டைக்கும் காலை உணவுக்கும் மாநிலம் தன் பணத்தைப் போடுவதால்தான் தட்டு இந்த நிலையிலாவது இருக்கிறது.

எனவே என் தீர்ப்பு, திட்டம் நல்லது, வரைபடம் தவறு என்பதுதான். மலைப் பள்ளிகளைத் தனிப் பட்டியலில் வைத்து, காலை உணவைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டுங்கள். கோடை விடுமுறையில் அந்த மையங்களின் அடுப்பை அணைக்காதீர்கள். போக்குவரத்துச் செலவைத் தனியே கொடுங்கள். தமிழ்நாட்டு மலைப் பள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இது மாநில நிதிநிலை அறிக்கையில் கண்ணுக்குத் தெரியாத தொகை. அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு நடக்கப்போகும் பிள்ளைகளுக்காவது இது கிடைக்க வேண்டும்.