கோட்டைப் பார்த்தோம், கட்டுரையைப் படித்தோமா?

கண்ணாடி போன்ற ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு நம் மேசையைப் பார்க்கிறோம். மேசை அப்படியே இருக்கிறது. அதன் மேல் கணிப்பொறி வரைந்த ஓர் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. மேசை மெய், இதயம் வெறும் தோற்றம். இவ்வாறு இரண்டும் ஒரே காட்சியில் கலந்து நிற்பதைக் 'கலப்பு மெய்ம்மை' என்பர். இத்துறை பற்றிய பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில், ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கவும் அவற்றைப் பற்றி எழுதவும் மாணவர்களைப் பழக்குகிறார்கள். அங்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்பெறும் கட்டுரை ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பால் மில்கிராமும், ஜப்பானில் உள்ள ஏ.டி.ஆர். ஆய்வுக்கூடத்தின் ஃபுமியோ கிஷினோவும் 1994 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை அது. கலப்பு மெய்ம்மையைக் காட்டும் திரைகளை வகைப்படுத்துவது அதன் நோக்கம். அதில் ஒரு படம் உண்டு. ஒரு கிடைக்கோடு, அவ்வளவுதான். இடக்கோடியில் மெய்யான சூழல். வலக்கோடியில் முழுவதும் கணிப்பொறி ஆக்கிய மெய்நிகர்ச் சூழல். இடைப்பட்டவை எல்லாம் கலப்பு மெய்ம்மை. எளிய படமாகையால் உலகெங்கும் பரவிவிட்டது.

நானும் அதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்தேன். "இது ஒளியின் நிறமாலையைப் போன்றது" என்றும் சொல்லிவைத்தேன். மாணவர் ஒருவர் எழுந்தார். "நிறமாலையில் அலைநீளத்தை அளக்கிறோம். இந்தக் கோட்டில் எதை அளக்கிறோம், சார்? அலகு என்ன?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. காரணம் எளிது. நான் மூலக் கட்டுரையைப் படித்திருக்கவில்லை. பிறர் எடுத்தாண்ட படத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.

பிறகு படித்தேன். ஆசிரியர்கள் அந்தக் கோட்டோடு நிற்கவில்லை. மூன்று அளவைகளை விரிவாக எழுதியிருக்கிறார்கள். காட்டப்படும் உலகைப் பற்றிக் கணிப்பொறிக்கு எவ்வளவு தெரியும் என்பது முதலாவது. கேமரா அனுப்பும் படம் கணிப்பொறிக்கு வெறும் புள்ளிகளே. மேசை எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று தெரிந்தால்தான் இதயத்தை அதன் மேல் சரியாக வைக்க முடியும். காட்சி எவ்வளவு தத்ரூபமாக உள்ளது என்பது இரண்டாவது. பார்ப்பவர் வெளியே நின்று பார்க்கிறாரா, காட்சிக்குள்ளேயே இருப்பதாக உணர்கிறாரா என்பது மூன்றாவது. கட்டுரையின் உயிர் இம்மூன்றில்தான் இருக்கிறது. ஆனால் பலர் நினைவில் நின்றதோ கோடு.

கட்டுரையில் குறைகள் இல்லாமலில்லை. தலைப்பு கூறுவதுபோலக் கண்ணுக்குரிய திரைகளைப் பற்றியே அது முக்கியமாகப் பேசுகிறது. மெய்யுலகின் மேல் கணிப்பொறிப் படத்தைச் சேர்க்கும் 'மிகை மெய்ம்மை'க்கு 1997இல் ரொனால்டு அசுமா மூன்று நிபந்தனைகள் விதித்தார். மெய்யும் மெய்நிகரும் சேர வேண்டும். நம் செயலுக்கு உடனுக்குடன் எதிர்வினை வேண்டும். முப்பரிமாணத்தில் இடம் பொருந்த வேண்டும். இவற்றுள் இரண்டாவதற்குக் கோட்டில் இடமே இல்லை.

வலக்கோடியும் ஐயத்திற்குரியதே. 2021இல் ஸ்கார்பெஸ், ஸ்மித், விட்டன் ஆகிய மூவரும் இதைச் சுட்டிக்காட்டினர். கண்ணையும் காதையும் முழுவதும் ஏமாற்றினாலும் உடலின் உள்ளுணர்வுகளை ஏமாற்றுவது எளிதன்று. விண்வெளியில் மிதப்பதாகக் கண் சொல்லும். புவியீர்ப்பை உணரும் உட்செவியோ அதை ஒப்புக்கொள்ளாது. ஆகவே இன்றைய மெய்நிகர்க் கருவிகளும் கலப்பு மெய்ம்மையைச் சேர்ந்தவையே என்பது அவர்கள் முடிவு.

இது சொற்போர் மட்டுமன்று. 2019இல் ஸ்பைக்கர், ஹால், நெபெலிங் ஆகியோர் 10 வல்லுநர்களைப் பேட்டி கண்டு, 68 ஆய்வுக் கட்டுரைகளையும் ஆராய்ந்தனர். 'கலப்பு மெய்ம்மை' என்ற ஒரே சொல் ஆறு விதப் பொருளில் வழங்குவதாகக் கண்டனர். பொருள் வேறுபட்டால் ஒருவர் சோதனையை இன்னொருவர் சோதனையோடு எப்படி ஒப்பிடுவது? அலகு குறிக்காத அளவீட்டைப் போன்றதே இது.

குறை கண்ட இவர்கள் மூலக் கட்டுரையை வரிவரியாகப் படித்தவர்கள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். படியாமல் மேற்கோள் காட்டுபவரால் ஒரு கட்டுரையைப் பாராட்டவும் முடியாது, மறுக்கவும் முடியாது. என் வகுப்பில் எழுந்த கேள்வியை ஒவ்வொரு படத்தின் முன்னும் கேளுங்கள்: இதில் எதை அளக்கிறோம்? விடை தெரியாவிட்டால், எழுதுமுன் மூலத்தைத் தேடிப் படியுங்கள். அறிவியல் எழுத்து அங்கேதான் தொடங்குகிறது.