சொல்லற்ற மெட்டும் முடிவற்ற சுழலும்: வீடியோ விளையாட்டு இசையின் ரசிகர் மறுகலவைகள்

திறவுச்சொற்கள்: மறுகலவை, மெட்டு, ஒலிநிறம், வீடியோ விளையாட்டு இசை, திரையிசை

முன்னுரை

தமிழ்த் திரையிசை குறித்த உரையாடலில் 'ரீமிக்ஸ்' என்னும் சொல் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. 'குறும்பு' (2003) படத்தில் 'ஆசை நூறு வகை' மீண்டும் ஒலித்தது முதல் 'அழகிய தமிழ் மகன்' (2007) படத்தில் 'பொன்மகள் வந்தாள்' புதுக்கோலம் கொண்டது வரை, பழம்பாடலின் புகழில் குளிர்காயும் முயற்சி என்றே இவ்வகை அறியப்பட்டது. இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் அதே அளவுகோலைக் கொண்டு, பழைய வீடியோ விளையாட்டுகளின் இசையை ரசிகர்கள் மின்னணு முறையில் மறுஆக்கம் செய்யும் மரபை அளப்பது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எது எஞ்சுகிறது?

'நியூ' (2004) படத்தில் இடம்பெற்ற 'தொட்டால் பூ மலரும்' இங்குத் தெளிவான சான்றாகும். 'படகோட்டி' (1964) படத்துப் பாடல் வரிகள் எஞ்சின, மெட்டோ ஏ.ஆர். ரஹ்மானால் புதிதாக அமைந்தது. கேட்பவருக்குப் பழம்பாடலை நினைவூட்டும் பொறுப்பைச் சொற்கள் ஏற்றுக்கொண்டன. வீடியோ விளையாட்டு இசையில் அந்தப் பற்றுக்கோடு இல்லை. அதில் சொல்லும் இல்லை, பாடகர் குரலும் இல்லை. கருவி, தாளம், வேகம் அனைத்தும் மாறிய பின்னரும் இது இன்ன விளையாட்டின் இசை என்று கேட்பவர் அறிவாராயின், அதற்கு மெட்டு ஒன்றே காரணம்.

இது நமக்குப் புதிய அனுபவமன்று. மதுரை வட்டாரத் திருமண வரவேற்புகளில் நாகசுரக் கலைஞர் திரைப்பாடலை வாசிக்கையில் சொல் உதிர்கிறது. ஒலிநிறம் முற்றிலும் மாறுகிறது. பந்தியில் அமர்ந்திருப்பவர் உதடு மட்டும் தானாகவே வரிகளை முணுமுணுக்கிறது. அவ்வாசிப்பை எவரும் போலி என்பதில்லை. எனினும் இவ்வொப்புமையை அளவுகடந்து நீட்டலாகாது. நாகசுரம் இழந்த சொல்லைக் கேட்பவரின் நினைவு நிரப்புகிறது. விளையாட்டு இசையில் நிரப்புவதற்குத் தொடக்கம் முதலே சொல் இல்லை.

சில்லின் குரல்

மெட்டுக்கு அடுத்து நிற்பது ஒலிநிறம். நம் இசைத் திறனாய்வு இராகத்தை ஆராய்ந்த அளவுக்கு இதனை ஆராய்ந்ததில்லை. 'புன்னகை மன்னன்' (1986) படத்தின் இசைப்பதிவில் யமஹா சிஎக்ஸ்5எம் என்னும் இசைக்கணினி பயன்பட்டதாகப் பதிவுகள் குறிப்பிடுகின்றன. அக்கணினியின் ஒலித்தொகுப்புப் பகுதியில் இருந்தது ஒய்எம்2151 என்னும் சில்லு. ஒரே நேரத்தில் எட்டுக் குரல்களை எழுப்பவல்லது. காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பொறிகள் பலவற்றிலும் இதே சில்லுதான் இருந்தது. கேப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' (1991) அவற்றுள் ஒன்று. இளையராஜாவின் அப்பட இசையையும் ஜப்பானிய விளையாட்டு இசையையும் அடுத்தடுத்துக் கேட்போருக்குத் தோன்றும் உறவுணர்வு வெறும் மயக்கமன்று; பிறப்பிடம் பகுதியளவேனும் ஒன்றே.

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' இசையின் பெரும்பகுதியை அமைத்தவர் யோகோ ஷிமோமுரா. அதன் தொடர்ச்சியான விளையாட்டின் இசையை 1999இல் தொடங்கப்பட்ட 'ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ்' குழுவின் ரசிகர்கள் 2006இல் 'பிளட் ஆன் தி ஆஸ்பால்ட்' என்னும் தொகுப்பாக மறுஆக்கம் செய்தனர். வழக்குத் தொடுப்பதற்கு மாறாக, கேப்காம் அக்குழுவினரையே அழைத்தது. 2008இல் வெளியான உயர்தெளிவுப் பதிப்புக்கு அவர்களே இசையமைத்தனர்.

இவ்வெற்றியைப் போற்றுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. மூல இசை ஒரு சுழல். ஆட்டம் நீளும்வரை அது திரும்பத் திரும்ப ஒலிக்கவேண்டும். ஆடுபவர் வலுவிழந்து வீழும் நிலையை எட்டும்போது இசையின் விரைவும் கூடும். அதாவது, அதன் வடிவத்தை முடிவுசெய்பவர் ஆடுபவர். மறுகலவை செய்பவரோ அதற்கு ஓர் எடுப்பும் வளர்ச்சியும் முடிவும் தந்தாகவேண்டும். மறுகலவைகள் பல தோற்கும் இடம் இதுவே. சுழலை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே நடனத் தாளக்கட்டையும் மின்கிதாரையும் அடுக்கி, நான்கு நிமிடம் கடந்ததும் ஒலியைத் தேய்த்து நிறுத்திவிடுகின்றன. முடிவைச் சிந்திக்காத மறுகலவை, எத்துணைத் தெளிவான பதிவாயினும், மூலத்தின் பெரிய ஒலிபெருக்கியாக மட்டுமே நிற்கிறது. சிறந்தவை, சில்லின் குறுகிய குரலை ஓரிடத்தில் மறைக்காமல் விட்டு, அதிலிருந்து புதிய பகுதியைக் கிளைக்கச் செய்கின்றன.

பெயரும் உரிமையும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு, முதல் ஒலிப்பதிவு வெளியான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குப் பின் மறுபதிவுக்கு இடமளிக்கிறது. ஆனால் தொழில்நுட்பத் தேவையை மீறிய மாற்றத்தை உரிமையாளர் இசைவின்றி ஏற்பதில்லை. மாற்றமே உயிரான கலைக்கு இச்சட்டத்தில் இருக்கை இல்லை. வணிகத் திரை மறுகலவைக்கு உரிமை வாங்கப் பணமுண்டு. பணமின்றிச் செய்யும் ரசிகருக்கு உரிமையாளரின் கண்டுகொள்ளாமையே பாதுகாப்பு.

அந்த ரசிகர் செய்யும் பணிகளுள் ஒன்று ஆய்வாளருக்கு நெருக்கமானது. பசுமலையில் என் பள்ளிப்பருவத்தில், தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் மலிவான கருவிகளும் மஞ்சள்நிற கேசட்டுகளும் வீட்டுக்கு வீடு கைமாறின. வேலை செய்யாவிடில் வாயால் ஊதிச் செருகுவோம். ஒரு கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என அச்சிட்டிருக்கும். இசையமைப்பாளர் பெயர் ஒன்றுகூட இராது. 'ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ்' ஒவ்வொரு மறுகலவையின் கீழும் மூல விளையாட்டையும் மூல இசையமைப்பாளரையும் குறிக்கிறது. நம் மறுகலவைப் பாடல்களின் உறைகள் பலவற்றில் இன்றும் காணக்கிடைக்காத ஒழுங்கு அது. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' (1985) மெட்டைப் பத்தாண்டுக் காலம் முணுமுணுத்திருந்த நான், கோஜி கோண்டோ என்னும் பெயரை முதலில் கண்டது அத்தகைய ஒரு குறிப்பில்தான்.